பாதி வெளிச்சம்

முக்கொம்பு. தை மாதம். காலை ஆறே முக்கால்.

மணல் ஈரமாக இருக்கிறது. உட்கார்ந்த இடத்தில் குளிர் வேட்டியைத் தாண்டி மெல்ல ஏறுகிறது.

ஆறு இங்கேதான் இரண்டாகிறது. தெற்கே காவிரி. வடக்கே கொள்ளிடம். பிரிகிற இடம் இதுதான் என்று விரல் வைத்துக் காட்ட முடியவில்லை. நீருக்கு அப்படி ஒரு கோடு இல்லை.

*

பையிலிருந்து 1.4 மடங்கு டெலிகன்வெர்ட்டரை எடுக்கிறேன். உள்ளங்கைக்குள் அடங்குகிறது. 225 கிராம். உள்ளே ஏழு கண்ணாடிகள்.

முன்மூடியைக் கழற்றுகிறேன். பின்மூடி. லென்ஸைக் கேமராவிலிருந்து திருகி எடுக்கிறேன். எல்லாமே ஒரு கணம் வாய் திறந்து கிடக்கின்றன. காற்று ஆற்றுப் பக்கமிருந்து வருகிறது. முதுகை அதற்குக் கொடுத்து, மடியில் துண்டை விரித்து, கேமராவைக் கவிழ்த்துப் பிடிக்கிறேன். சின்னக் குழந்தைக்குத் தலை துவட்டும்போது இப்படித்தான் குனிகிறார்கள்.

சிவப்புப் புள்ளிக்கு நேரே சிவப்புப் புள்ளி. ஒரு திருகு. க்ளிக்.

மறுபடி ஒரு திருகு.

க்ளிக்.

*

300 மில்லிமீட்டர் லென்ஸ் இப்போது 420.

எஃப் 4 இப்போது எஃப் 5.6.

லென்ஸின் வாய் அப்படியேதான் இருக்கிறது. 300-ஐ 4-ஆல் வகுத்தால் 75 மில்லிமீட்டர். 420-ஐ 5.6-ஆல் வகுத்தாலும் 75. புதிதாக ஒரு பொட்டு வெளிச்சம்கூட உள்ளே வருவதில்லை. வந்ததே அகலப் பரவுகிறது. பரவியதன் நடுப்பகுதி மட்டும் சென்சாரில் விழுகிறது. ஓரங்கள் உட்சுவரின் கறுப்பில் பட்டு அணைகின்றன.

அதே ஒரு கரண்டி மாவு. கல்லில் அகலமாகத் தேய்க்கத் தேய்க்க தோசை மெலிகிறது.

பாதி வெளிச்சம் போய்விட்டது. 'ஒரு ஸ்டாப்' என்கிறோம். சொல்வது எளிது.

*

வியூஃபைண்டரில் கண் வைக்கிறேன். சற்றே இருட்டு.

விளக்கை அணைத்த அறையில் சாமான்கள் முதலில் காணாமல் போகும். பிறகு ஒவ்வொன்றாகத் தம் இடத்துக்குத் திரும்பும். அப்படித்தான் எதிர்க்கரை திரும்புகிறது. நாணல். ஒரு பட்டுப்போன மரம். அதன் அடியில் நீர்க்கோடு.

*

கையை நீட்டி மூன்று விரல்களைச் சேர்த்துப் பிடிக்கிறேன். அவை மறைக்கிற அளவு ஆறுதான் இனி எனக்கு.

மற்றதெல்லாம் வெளியே.

*

அணைப் பக்கம் சைக்கிள் ஒன்று நிற்கிறது. குரல்கள்.

"ஷட்டர எறக்கிட்டாங்களாண்ணே?"

"ரெண்டு மட்டும் தெறந்துருக்கு."

சைக்கிள் போகிறது.

என் விரலும் ஷட்டர் மேல்தான் இருக்கிறது. அங்கே ஒன்று திறந்தால் வயல்கள் நனைகின்றன. இங்கே திறப்பது நொடியில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு.

இரண்டுக்கும் ஒரே சொல். ஏனென்று தெரியாமல், அதிலேயே சற்று நேரம் நிற்கிறேன்.

ஆர்தர் காட்டன் 1830-களில் இங்கே மேலணையைக் கட்டினார். 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் அதன் கொள்ளிடப் பக்கத்து மதகுகள் சில உடைந்து போயின. ஜனவரி 28-இல் மேட்டூர் அணையை மூடுவது வழக்கம். மூடிய பிறகு நாளுக்கு நாள் நீர் இறங்கும். மீன்கள் மடுக்களில் ஒதுங்கும்.

மீன்கொத்திக்கு இது நல்ல காலம்.

*

குரல் முன்னே வருகிறது. பறவை பின்னே.

கருப்பு வெள்ளை மீன்கொத்தி. நீருக்கு மேல் ஐந்து மீட்டர் உயரத்தில் வந்து நிற்கிறது. கிளையில் அல்ல. காற்றில்.

இறக்கைகள் வெறும் மங்கல். அலகு நேர் கீழே. உடம்பு முழுவதும் உழைக்கிறது, தலை மட்டும் ஆணி அடித்தது போல ஒரே இடத்தில்.

இடையில் முப்பது மீட்டர். வெறும் கண்ணுக்கு அது ஒரு நடுக்கம். கன்வெர்ட்டர் வழியே மார்பில் இரண்டு கறுப்புப் பட்டைகள் தெரிகின்றன. ஆண். பெண்ணுக்கு ஒரே பட்டை, அதுவும் நடுவில் அறுந்திருக்கும்.

மூச்சு நின்றிருப்பது பிறகுதான் தெரிகிறது.

*

விழுகிறது.

*

நீரில் வளையம்.

சட்டத்துக்குள் பறவை இல்லை.

*

கேமராவைச் செங்குத்தாகத் திருப்புகிறேன். முப்பது மீட்டரில் சட்டத்துக்குள் இரண்டரை மீட்டர் உயரம் கொள்கிறது. பறவை விழுவது ஐந்து மீட்டர். கன்வெர்ட்டரைக் கழற்றினால் மூன்றரை மீட்டர் கொள்ளும்.

அப்போதும் விழுதல் முழுவதும் உள்ளே வராது.

*

ஐந்து மீட்டரிலிருந்து ஒரு கல் விழ ஒரு நொடி ஆகிறது. நீரைத் தொடும்போது அதன் வேகம் நொடிக்குப் பத்து மீட்டர். பறவையும் ஏறக்குறைய கல்தான், அந்த நேரத்தில்.

இந்தக் கேமரா நொடிக்கு ஏழு படம் எடுக்கும். கடைசி இரண்டு படங்களுக்கு நடுவே ஏறக்குறைய ஒன்றேகால் மீட்டர் இருக்கிறது.

அந்த ஒன்றேகால் மீட்டருக்குப் படம் இல்லை.

*

ஆயிரத்தில் ஒரு பங்கு நொடியில் பறவை ஒரு சென்டிமீட்டர் இறங்குகிறது. இரண்டாயிரத்தில் ஒரு பங்கில் அரை சென்டிமீட்டர். கன்வெர்ட்டர் பறவையைப் பெரிதாக்கும்போது அந்த அரை சென்டிமீட்டரையும் பெரிதாக்குகிறது. என் கையின் நடுக்கத்தையும். நாடித் துடிப்பு விளிம்பில் தெரிகிறது.

ஷட்டர் வேகத்தைக் கூட்ட வெளிச்சம் வேண்டும். வெளிச்சத்தைத்தான் பாதி கொடுத்தாகிவிட்டது.

ஐஎஸ்ஓ 800-இலிருந்து 1600. பறவையின் வெள்ளைக்குள் பொடி மணல் தூவியது போல ஏதோ தெரிகிறது.

அதைப் பார்க்கிறேன். நன்றாகவும் இல்லை, மோசமாகவும் இல்லை. மணல்.

*

கிரிக்கெட் மைதானங்களில் எல்லைக் கோட்டுக்கு வெளியே உட்கார்ந்திருப்பவர்கள் 400 எஃப் 2.8-இல் இதே 1.4-ஐ மாட்டி 560 ஆக்கிக்கொள்கிறார்கள். எஃப் 4 மிஞ்சுகிறது. ராத்திரி ஆட்டத்துக்கு விளக்குக் கம்பங்களும் உண்டு.

இங்கே நாணலுக்குப் பின்னால் சூரியன். இன்னும் முழுதாக மேலே வரவில்லை.

*

ஃபோகஸ் தேடுகிறது. மோட்டாரின் மெல்லிய முனகல் கன்னத்தெலும்பு வழியாகக் கேட்கிறது.

கேனனின் இந்த 1.4-ஐ மாட்டினால் மோட்டார் பாதி வேகத்தில்தான் ஓடும். 2 மடங்கு கன்வெர்ட்டர் என்றால் கால் வேகம். உருவம் பெரிதாகும்போது சிறு பிழையும் பெரிதாகும் என்பதால், நிதானமாகப் போகும்படி வைத்திருக்கிறார்கள்.

நிதானம்.

அந்தச் சொல் உள்ளே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருக்கிறது. பிறகு எழுந்து போகிறது.

*

லென்ஸின் பக்கவாட்டில் ஒரு சிறு ஸ்விட்ச். அதை 3 மீட்டருக்குத் தள்ளுகிறேன். அதற்குள் இருக்கும் எதையும் இனி இந்த லென்ஸ் தேடாது.

என் முழங்கால். துண்டு. துண்டின் மேல் ஊரும் ஓர் எறும்பு.

*

மறுபடி குரல். மறுபடி நிற்கிறது.

நம்மை நோக்கி வரும் பறவையை இந்தப் பாதி வேகத்தால் பிடிக்க முடியாது. ஒவ்வொரு முறையும் அது கடந்துபோன இடத்தில்தான் ஃபோகஸ் போய்ச் சேரும். மீன்கொத்தி அப்படி இல்லை. நேர்கீழாக விழுகிறது. மேலே நிற்கும்போது முப்பது மீட்டர். நீரைத் தொடும்போதும் ஏறக்குறைய அதே முப்பது. ஃபோகஸ் எதையும் துரத்த வேண்டியதில்லை.

கட்டைவிரலை ஃபோகஸ் பொத்தானிலிருந்து எடுக்கிறேன். மோட்டார் அமைதியாகிறது.

கை மட்டும் இறங்கினால் போதும்.

கை இறங்குகிறது.

பறவை மேலேயே நிற்கிறது.

*

அது விழவில்லை. இரண்டடி நகர்ந்து, மறுபடி காற்றில் நிற்கிறது. மறுபடி நகர்கிறது. பிறகு அந்த மடுவையே விட்டுவிட்டுப் போகிறது.

நான் இறங்கிய இடத்தில் வெறும் நீர். துல்லியமாக இருக்கிறது. சிற்றலையின் ஒவ்வொரு மடிப்பும் தெரிகிறது.

*

நீருக்குள் இருக்கும் மீன், இருக்கும் ஆழத்தில் தெரியாது. நேர் மேலிருந்து பார்த்தால் முக்கால் ஆழத்தில் தெரியும். நாற்பது சென்டிமீட்டர் கீழே இருப்பது முப்பதில் இருப்பது போல. சாய்வாகப் பார்த்தால் பக்கவாட்டிலும் விலகும்.

நீரும் எல்லாவற்றையும் கொஞ்சம் அருகே கொண்டுவருகிறது.

பறவை நேர் மேலே வந்து நிற்கிறது. பக்கவாட்டு விலகல் மறைகிறது. ஆழத்தின் அந்தக் கால் பங்கு மட்டும் மிச்சம். அதை எங்கே வைத்திருக்கிறது? கண்ணிலா, கழுத்திலா, இறக்கையை மடக்கும் கணத்திலா.

கேள்வி நீரில் கிடக்கிறது. எடுக்கவில்லை.

*

எட்டரை. வெயில் முகத்தில் விழுகிறது. வெளிச்சம் தாராளமாக இருக்கிறது. ஐஎஸ்ஓவைக் குறைக்கிறேன்.

மணற்பரப்பின் மேல் காற்று இளக ஆரம்பிக்கிறது. வெறும் கண்ணுக்கு ஒன்றுமில்லை. 420-இல் எதிர்க்கரை துணியைப் போல அசைகிறது. பட்டமரம் நெளிகிறது. இருட்டில் கூர்மை இருந்தது. வெளிச்சம் வந்ததும் காற்று தெரிகிறது.

கழற்றலாமா.

கை கன்வெர்ட்டரின் வளையம் வரை போகிறது. உலோகம் இன்னும் காலைக் குளிரோடு இருக்கிறது. விரல் அங்கேயே தங்குகிறது.

*

எடுத்த படங்களைப் பின் திரையில் பார்க்கிறேன்.

வாலின் நுனி. நீர். நீர். மேல் விளிம்பில் பாதி இறக்கை. நீர். வளையம். நீர்.

ஒரு படத்தில் பறவை இல்லை, மீன் இல்லை. நீர்ப்பரப்பில் ஒரு குழி. அதன் மேலே இரண்டு துளிகள் நிற்கின்றன. பெரிதாக்கிப் பார்க்கிறேன். ஒரு துளிக்குள் கரை தலைகீழாக இருக்கிறது. நாணல், பட்டமரம், அவற்றின் கீழே வானம். கரையின் எதிரே கறுப்பாக ஒரு புள்ளி. நானாக இருக்கலாம்.

அழிக்கவில்லை.

*

இவ்வளவு நேரமும் இடது கண்ணை மூடியே வைத்திருந்திருக்கிறேன். இமை வலிக்கிறது.

வலது கண்ணை வியூஃபைண்டரிலிருந்து எடுக்காமல், இடது கண்ணைத் திறக்கிறேன்.

வலது கண்ணில் ஒரு கை நீர், பெரிதாக, சற்று இருண்டு. இடது கண்ணில் ஆறு முழுவதும். மதகுகள். ஒரு நாரை. தொலைவில் வலையை உதறும் ஒருவர்.

இரண்டும் சேர மறுக்கின்றன. பிறகு சேர்வது போல இருக்கிறது. மறுபடி விலகுகின்றன.

விலகட்டும் என்று விடுகிறேன்.

குரல் கேட்கிறது. எந்தக் கண்ணில் வரும் என்று தெரியவில்லை.