ஊற்றும் செறிப்பும்

காவிரி டெல்டாவில் மன்னார்குடியிலும் தீபங்குடியிலும் பழைய சமணக் கோயில்கள் இருக்கின்றன. அந்தச் சமணம் வினையை விளக்க ஓட்டைப் படகைக் காட்டுகிறது: நீர் நுழைவது ஊற்று, ஓட்டையை அடைப்பது செறிப்பு, புகுந்ததை இறைப்பது உதிர்ப்பு. இறைத்தால் போதாது, அடைக்க வேண்டும் என்பதே அதன் வாதம். நாகப்பட்டினத்து விசைப்படகைப் பார்த்தால் அதன் நியாயம் விளங்கும். அடித்தளத்தை இறைத்துத் துடைத்தால்தான் தண்ணீர் வரும் வழி தெரியும். கட்டிக்கிடக்கும்போதே ஊறினால் உடல் வெடிப்பையோ, பின்புறம் விசிறித் தண்டு வெளியேறும் இடத்தையோ சந்தேகிக்கலாம். எஞ்சின் ஓடும்போது மட்டும் ஊறினால் குளிர்விக்கும் கடல்நீர்க் குழாயையும் பார்க்க வேண்டும். இறைப்பது கோளாறைக் காட்டுமே ஒழியத் தீர்க்காது. வினையை உதிர்க்கும் நோன்பும் அப்படித்தான்; கோபம் என்னும் ஓட்டை திறந்தே கிடந்தால் எத்தனை நோன்பிருந்தும் வினை குறையாது.

இங்கே வலுவான மறுப்பு ஒன்று உண்டு. படகின் விசிறித் தண்டைச் சுற்றி கிரீஸ் தோய்ந்த கயிற்றைத் திணித்திருப்பார்கள், கிளாண்ட் பேக்கிங் என்று. தண்டு சுழலும்போது அதில் சொட்டுச் சொட்டாக நீர் கசிந்தாக வேண்டும். அந்தக் கசிவுதான் சூட்டைத் தணிக்கிறது. ஒரு சொட்டும் வராமல் இறுக்கினால் கயிறு கருகும், தண்டும் தேயும். அப்படியானால் முழுச் செறிப்பு வாழ்வுக்கே பகையல்லவா? சமணம் இதற்கு இடம் வைத்திருக்கிறது. உடலும் மனமும் இயங்கும்வரை ஊற்று நிற்காது. பற்றற்றவரிடம் வரும் வினை ஒட்டாமல் உடனே கழியும். இயக்கம் ஓயும் கடைசி நிலையில்தான் முழு அடைப்பு. அதுவரை அடைப்பதிலும் படிகள் உண்டு: இல்லறத்தாருக்கு அளவோடு காக்கும் அணுவிரதங்களையும் துறவிகளுக்கு முழுமையாகக் காக்கும் மகாவிரதங்களையும் சமணம் தனித்தனியே வகுத்தது.