செய்வித்தலும் வினையே

கோடை விடுமுறை நெருங்கியதும் பிள்ளைகளை எங்கே அனுப்பலாம் என்னும் பேச்சு நம் இல்லங்களில் எழுகின்றது. தேர்வில் பின்தங்கிய மகனோ, எவருடனும் பேசாது அறைக்குள் அடைந்து கிடக்கும் மகளோ இருப்பின் அப்பேச்சு கவலையாக மாறுகின்றது. ஒரே மாதத்தில் பிள்ளையைத் திருத்தித் தருவதாகக் கூறும் உறைவிட முகாம்களும் உள்ளன. அங்கே இரவுண்ணாமைக்கு வசதி உண்டா என்று தவறாது கேட்கும் நாம், ஆசிரியர் கையில் பிரம்பு உண்டா என்று கேட்கின்றோமா?

வினை மூவகையால் வந்து சேரும் என்பது ஜைன அறத்தின் தெளிவு. தானே செய்தல், பிறரைக் கொண்டு செய்வித்தல், பிறர் செய்வதற்கு உடன்படுதல் என்பன அவை. ஆகவே, "நான் அடிக்கவில்லை, முகாமில்தான் அடித்தார்கள்" என்னும் சொல் அறத்தின்முன் நில்லாது. அறிந்தே அனுப்பினால் அது செய்வித்தல். பின்னர் அறிந்தும் வாளாவிருந்தால் அது உடன்படுதல்.

இல்லறத்தார்க்குரிய கொல்லாமை விரதத்திற்குத் தத்துவார்த்த சூத்திரம் ஐந்து அதிசாரங்களைக் கூறுகின்றது. கட்டுதல், அடித்தல், உறுப்பறுத்தல், மிகுபாரம் ஏற்றுதல், உணவும் நீரும் தடுத்தல் என்பன அவை. இவை மாட்டுக்கும் ஏவலர்க்கும் மட்டுமே உரியன என்று எண்ணுதல் பிழை. விடியுமுன் எழுப்பி நள்ளிரவுவரை பாடம் திணித்தல் மிகுபாரம் அன்றோ? பெற்றோருடன் பேசவும் விடாது பூட்டி வைத்தல் கட்டுதல் அன்றோ?

இவ்வச்சம் வெறுங்கற்பனை அன்று. அமெரிக்காவில் வழிதவறிய இளைஞர்களைக் காட்டிற்கும் பாலைக்கும் அனுப்பித் திருத்தும் தனியார் முகாம்கள் பல தோன்றின. அவற்றில் மாண்ட பத்து இளைஞர்களின் நிலையை ஆராய்ந்து, அந்நாட்டு அரசின் கணக்காய்வு அலுவலகம் 2007 அக்டோபரில் அறிக்கை அளித்தது. பயிற்சியற்ற பணியாளர், போதிய உணவின்மை, பொறுப்பற்ற நடைமுறை ஆகியவற்றை அது சுட்டியது. இத்தகைய நிலையங்களில் நிகழும் கொடுமையைத் தடுக்கும் நோக்குடன் 2024 டிசம்பரில் அங்கே ஒரு சட்டமும் இயற்றப்பட்டது. அப்பிள்ளைகளை அனுப்பியவர்களும் நன்மையே நாடிய பெற்றோர்தாம்.

"துன்பம் இன்றித் திருத்தம் ஏது? நம் முனிவர்களும் தவத்தால் அன்றோ உயர்ந்தனர்?" என்று சிலர் வினவலாம். தவம் என்பது தானே விரும்பி ஏற்பது. பிறர்மேல் சுமத்தப்படுவது தவமாகாது, அது தண்டனையே.

அவ்வாறாயின் பிள்ளையை அவன் போக்கில் விட்டுவிடுவதா? அதுவும் அறமன்று. தளர்ந்தவரை நிலைநிறுத்துதல் நற்காட்சியின் எட்டு உறுப்புகளுள் ஒன்று. அதற்கு எடுத்துக்காட்டாகப் போற்றப்படுபவன் சிரேணிக மன்னனின் மகனாகிய வாரிசேணன். துறவு பூண்ட பின்னும் இல்லத்தையே நினைந்து தளர்ந்த தன் நண்பனை அவன் வெறுத்து ஒதுக்கவில்லை, வன்சொல் கூறவுமில்லை. தான் துறந்த அரண்மனைக்கே உடன் அழைத்துச் சென்று காட்டினான். கண்டவன் தானே தெளிந்தான். உடன் செல்லுதலும், தானே உணரச் செய்தலுமே நிலைநிறுத்தும் நெறி.

எனவே முகாமைத் தேர்ந்தெடுக்குமுன் பிள்ளையின் விருப்பத்தைக் கேளுங்கள். நேரில் சென்று, தங்கும் அறையையும் கற்பிப்போரையும் பாருங்கள். எந்நாளிலும் பிள்ளை வீட்டுடன் பேச இயலுமா, வேண்டாம் என்றால் திரும்பி வர இயலுமா என்று வினவுங்கள். உறக்கமும் உணவும் குன்றி, வாழ்வில் வெறுப்புற்றுப் பேசும் பிள்ளைக்கு முதலில் வேண்டுவது முகாமன்று, மனநல மருத்துவரே.

எறும்பையும் மிதியாது நடக்கக் கற்றவர் நாம். நம்மை நம்பி வாழும் நம் பிள்ளையும் ஓர் உயிரே என்பதை மறவாதிருப்போமாக.