வேஷமும் காப்பும்

மனிதராய்ப் பிறந்தோர் யாவரும் ஜீவனத்தின் பொருட்டு ஏதேனும் ஒரு தொழிலை மேற்கொண்டே ஆகவேண்டும். எத்தொழிலை மேற்கொள்வது என்னும் வினா எழுங்கால், ஊதியம் எவ்வளவு, கௌரவம் எத்தகையது என்றே உலகோர் முதலில் கேட்கின்றனர். தமக்கு எது உயிரினும் உயர்ந்தது என்று தம்மையே கேட்டுக்கொள்வோர் சிலரே. அவ்வினாவுக்கு விடை காணாமல் தேர்ந்த தொழில், செல்வம் தரினும் மனநிறைவு தருவதில்லை.

இதனை உணர வெகுதூரம் செல்லவேண்டுவதில்லை. குலசேகரன்பட்டினத்தில் தசரா உத்ஸவ காலத்தில் பக்தர்கள் காப்புக் கட்டி விரதம் இருக்கின்றனர். ஒருவர் அரசராக வேஷம் புனைகிறார், மற்றொருவர் பிச்சைக்காரராகிறார், வேறொருவர் காவலராகிறார். அரச வேஷக்காரரும் காணிக்கை வேண்டி வீடுதோறும் கையேந்தியே நிற்கிறார். வேஷங்கள் பல, கையில் கட்டிய காப்போ ஒன்றே. வேஷத்தை நேர்த்தியாகப் புனைந்து விரதத்தைக் கைவிட்டவரை ஊரார் மதிப்பதில்லை. தொழில் என்பது வேஷம். நெஞ்சில் கொண்ட கொள்கையே காப்பு.

இவ்வுண்மைக்கு இம்மாவட்டத்திலேயே சான்று உண்டு. 1872-ஆம் ஆண்டில் ஓட்டப்பிடாரத்தில் தோன்றிய வ. உ. சிதம்பரம் பிள்ளை முதலில் வக்கீல் தொழில் புரிந்தார், ஏழைகளுக்காக வாதாடினார். 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனியை நிறுவி, தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே கப்பல் விட்டார். 1908-இல் கோரல் ஆலைத் தொழிலாளர்களின் வேலைநிறுத்தத்திற்குத் துணைநின்றார். அவ்வாண்டிலேயே தண்டனை பெற்றுச் சிறையில் செக்கிழுத்தார். 1912-இல் விடுதலையாகி வெளிவந்தபோது கம்பெனியும் இல்லை. வக்கீல் தொழிலுக்குரிய அனுமதியும் இல்லை. சென்னையில் சிறு வியாபாரம் செய்தார். தமிழ் நூல்களை ஆராய்ந்தார். திருக்குறளுக்கு உரை வரைந்தார். பின்னர் அனுமதி மீண்டும் கிடைக்கவே, கோவில்பட்டியில் வக்கீலானார்.

வக்கீல், கப்பல் வணிகர், கைதி, சிறு வியாபாரி, உரையாசிரியர் என வேஷங்கள் மாறின. ஒருவர்க்கு உரியதை மற்றொருவர் பறிக்கக் கண்டு பொறாத நெஞ்சு மாறவில்லை. நீதிமன்றத்தில் எளியவனுக்காகவும், கடலில் சுதேச வணிகத்திற்காகவும், ஆலையில் உழைப்போரின் ஓய்வுக்காகவும் போராடியது அந்த ஒரே நெஞ்சுதான். அதற்கு அவர் கொடுத்த விலையும் சிறிதன்று. அவர்தம் குடும்பமும் வறுமையுற்றது.

அவ்வாறாயின், குடும்பம் காக்க வேண்டியவன் கொள்கை பேசலாமோ என்று சிலர் ஐயுறுவர். கேட்கத்தக்க கேள்வியே இது. தாய் தந்தையரைப் பட்டினி கிடக்க விடுவது எந்த தர்மத்திலும் அடங்காது. எல்லோரும் செக்கிழுக்க வேண்டுமென்பதும் இல்லை. கிடைத்த வேலையை ஏற்றுக்கொள்வது குற்றமன்று. அதனை ஏற்கும்போது காப்பை அறுத்தெறிவதே குற்றம். தராசு பிடிப்பவனுக்கும் கோப்பு எழுதுபவனுக்கும் இதைமட்டும் செய்யேன் என்னும் எல்லை ஒன்று உண்டு. அவ்வெல்லை எது என்று அறிந்தவனே தன்னை அறிந்தவன். கூலியின்றியும் எதனை விரும்பிச் செய்வோம், எவ்வளவு கொடுத்தாலும் எதனைச் செய்யோம் என்னும் இரண்டையும் ஆராய்ந்தால் அது விளங்கும். கீதை உபதேசிக்கும் ஸ்வதர்மத்தைத் தம் வாழ்வில் தேடுவோர்க்கும் இதுவே முதற்படி.

2024-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் குலசேகரன்பட்டினத்தில் ராக்கெட் ஏவுதளத்திற்கு அடிக்கல் நாட்டப்பெற்றது. உப்பளமும் பனையும் மீன்பிடியும் அறிந்த இக்கரையோர இளைஞர்க்குப் புதிய தொழில்கள் பல வாய்க்கலாம், வாய்க்கட்டும். பிள்ளைகளை அவற்றுக்கு ஆயத்தம் செய்யும் பெற்றோர், என்ன வேலைக்குப் போகப்போகிறாய் என்று வினவுமுன், எதை விடாமல் பற்றப்போகிறாய் என்று வினவுவாராக. உத்ஸவம் முடிந்ததும் வேஷம் களையப்படும். காப்பைப் பழுதின்றிக் காத்தோமா என்பதே அப்போது நெஞ்சில் எஞ்சி நிற்கும் வினா.