கையொப்பமும் மெய்ம்மையும்

சொன்னவர் இன்னார் என்பது உறுதியானால் சொன்னதும் மெய்யாகிவிடுமா என்பது, அறிவு எவ்வழிகளில் உறுதிப்படுகிறது என ஆராயும் அளவையியலின் பழைய வினாக்களுள் ஒன்று. 13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் இயற்றிய சிவஞான சித்தியார், அளவைகள் பலவற்றைக் காட்சி, கருதல், உரை என்னும் மூன்றில் அடக்குகிறது. இவற்றுள் உரையளவை என்பது நம்பத்தக்கவரின் சொல்லால் பெறும் அறிவாகும்.

நாமக்கல் முட்டை ஏற்றுமதியாளரோ சேலம் ஜவ்வரிசி வணிகரோ வாடிக்கையாளர்களுக்கு அனுப்பும் விளம்பர மின்னஞ்சலிலும் இவ்வினா எழுகிறது. அனுப்புநர் முகவரியை எவரும் போலியாக இட்டுவிடலாம் என்பதால் மூன்று சரிபார்ப்புகள் வகுக்கப்பட்டன. ஒரு டொமைனின் பெயரால் மடல் அனுப்ப உரிமையுள்ள சர்வர்களை அதன் டிஎன்எஸ் பதிவில் பட்டியலிடுவது எஸ்பிஎஃப். கையொப்பமிட்ட பகுதிகள் வழியில் மாற்றப்படவில்லை என மறைக்குறியீட்டால் காட்டுவது டிகேஐஎம். இவ்விரண்டில் ஒன்றேனும் தேறி, பெறுநர் காணும் முகவரியின் டொமைனோடு பொருந்தவில்லையெனில் மடலை ஏற்பதா, ஸ்பேமில் ஒதுக்குவதா, மறுப்பதா என அறிவிப்பது டிமார்க். நாளொன்றுக்கு 5,000 மடல்களுக்கு மேல் ஜிமெயில் முகவரிகளுக்கு அனுப்புவோர் மூன்றையும் அமைக்க வேண்டுமென கூகுள் 2024 பிப்ரவரியில் விதித்தது.

எனினும், புதிதாக டொமைன் வாங்கிய மோசடிக்காரரும் மூன்றிலும் தேறிவிட முடியும். பொருளை உள்ளபடி அறிந்திருத்தலும் வஞ்சியாது கூறுதலும் நம்பத்தக்கவர்க்கு இலக்கணம் என மரபு கொள்ள, இச்சரிபார்ப்புகளோ டொமைனின் ஒப்புதலை மட்டுமே காட்டுகின்றன. ஆதலால் இவை உரையளவைக்கு வாயிலேயன்றி உரையளவை ஆகா. முட்டையின் தரத்துக்கும் ஜவ்வரிசியின் தூய்மைக்கும் அனுப்பும் வணிகரின் நேர்மையே பொறுப்பு.