பத்து வயதில் முதுமை

புக்கிட் மேராவில் கார்களுக்கு வயதாவதில்லை. லெங் கீ சாலையின் விற்பனைக் கூடங்களில் கண்ணாடிக்குப் பின்னால் புதுக் கார்கள் மினுங்கும். கொஞ்சம் தள்ளி, வீவக பலமாடி நிறுத்துமிடம் ஒன்றில் ஏறிப் பார்த்தால் மூன்று வயது, ஆறு வயது, ஒன்பது வயதுக் கார்கள். இருபது வயதுக்காரர் ஒருவரைப் பார்க்க வேண்டுமென்றால் மாடி மாடியாகத் தேட வேண்டும்.

காரணம் நமக்கெல்லாம் தெரியும். 1990 மே மாதம் வந்த வாகன உரிமைச் சான்றிதழ், அதான் சிஓஇ, பத்து ஆண்டுக்குத்தான் செல்லும். அதற்கு மேல் ஓட்ட வேண்டுமா? ஏல விலையின் மூன்று மாதச் சராசரியைக் கட்டி நீட்டிக்கலாம். சாலை வரியும் ஆண்டுக்கு 10 விழுக்காடாக ஏறி 50 விழுக்காடு கூடுதலில் போய் நிற்கும். 2023 அக்டோபரில் பெரிய கார்களுக்கான சான்றிதழ் 150,000 வெள்ளியைத் தொட்டது. அந்தக் காசைப் பழைய வண்டிக்குக் கட்ட யாருக்கு மனசு வரும்? எஞ்சின் நன்றாக இருந்தாலும் வண்டி பழைய இரும்புக்குப் போகும், இல்லையென்றால் கப்பலேறும்.

இந்த விதியைத் திட்ட நான் வரவில்லை. தீவின் நிலத்தில் ஏறத்தாழ 12 விழுக்காடு ஏற்கெனவே சாலைதான். பேருந்திலும் எம்ஆர்டியிலும் போகிறவர்கள் பக்கம் நின்று பார்த்தால் கார் ஒரு சலுகை, உரிமை அல்ல. என்னை உறுத்துவது வேறொன்று: பழைய காரைப் பார்த்து வாய் பிளக்கிறோமே, அப்போது எதை வியக்கிறோம்?

வியப்பதற்கும் இங்கே விதி உண்டு. 35 வயதைத் தாண்டிய காரைக் கிளாசிக் வண்டித் திட்டத்தில் பதியலாம். ஆண்டுக்கு 45 நாள் சாலையில் ஓட்டலாம். மூன்று வயதுக்கு மேற்பட்ட பழைய காரை இறக்குமதி செய்ய முடியாது. ஆனால் 35 வயதானதைக் கொண்டுவரலாம். கணக்கைப் பாருங்கள். பத்து வயதில் நம் கார்களை அனுப்பிவிடுகிறோம். வேறெங்கோ யாரோ 35 ஆண்டு எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்திருந்ததை விலை கொடுத்து வரவழைக்கிறோம். முதுமை நமக்குப் பிடிக்கும். நம் வீட்டில் அது நடக்காமல் இருந்தால் சரி.

அபூர்வமான கார்கள் இரண்டு வகை என்று எனக்குத் தோன்றும். ஒன்று, பிறக்கும்போதே விசித்திரமாகப் பிறந்தது. கல்கத்தாவில் 1910இல் ஓர் ஆங்கிலேயச் சீமான் அன்னப்பறவை உருவத்தில் ஒரு கார் வைத்திருந்தார். அது அலகால் நீராவியைப் பீய்ச்சும். பின்னால் சுண்ணாம்பு எச்சமும் போடும். தெருவில் பெருங்கலவரம் ஆகி, போலீஸ் அதைத் தடுத்தது. இப்போது நெதர்லாந்தின் லௌமன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பார்த்தால் சிரிப்பு வரும். பணம் இருந்தவரின் விளையாட்டு, அவ்வளவுதான்.

இரண்டாவது வகை, சாதாரணமாகப் பிறந்து, சாகாமல் இருந்ததாலேயே அபூர்வமானது. யாழ்ப்பாணத்து ஆஸ்டின் கேம்பிரிட்ஜும் சோமர்செட்டும் மோரிஸ் மைனரும் அப்படித்தான். மோரிஸ் மைனர் 1948 முதல் 16 லட்சம் போல உருவான கார். அதில் என்ன விசித்திரம்? அறுபதுகளில் இலங்கையில் இறக்குமதி இறுகியது. இருந்ததை வைத்தே ஓட்டினார்கள். 1990இல் போர் மூண்டு பொருளாதாரத் தடை வந்தபின் பெட்ரோல் கிடைக்கவில்லை. நாலு சொட்டு பெட்ரோல் விட்டு எஞ்சினைக் கிளப்பி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். இங்கிலாந்தில் குடும்பம் சுற்றுலா போகச் செய்த கார், புகை கக்கிக்கொண்டு பிரசவத்துக்கும் காயம்பட்டவர்களுக்கும் ஓடியது.

எங்கள் புளோக்கின் கீழே கோப்பிக் கடையில் உட்காரும் யாழ்ப்பாணத்துப் பெரியவர் ஒருவரிடம் இதைச் சிலாகித்துப் பேசினேன். அவர் கோப்பியைக் கலக்கிக்கொண்டே சொன்னார்: "தம்பி, நீங்கள் வடிவெண்டு சொல்லுறியள். எங்களுக்கு வேற வழி இல்லை. கார் பழசோ புதுசோ எண்டு ஆர் பார்த்தது? ஆஸ்பத்திரி மட்டும் போய்ச் சேருமோ எண்டுதான் பார்த்தனாங்கள்."

அந்தப் பதிலோடு மல்லுக்கட்டாமல் பழைய காரை ரசிக்க முடியாது என்று நினைக்கிறேன். ஓரிடத்தில் முதுமை இல்லாமையால் வருகிறது, இன்னோரிடத்தில் மிதமிஞ்சிய செல்வத்தால் வாங்கப்படுகிறது. முன்னதை அழகு என்று சொல்வது அடுத்தவர் கஷ்டத்தைப் படம் பிடித்து மாட்டுவது போல ஆகிவிடும். நல்ல காலம் வந்ததும் புது வண்டி வாங்கிய யாழ்ப்பாணத்தவரை யாரும் குறை சொல்ல முடியாது.

ஆனால் அதே பெரியவர், கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவி, காது வைத்துக் கேட்டே சரி செய்த ஒரு மெக்கானிக்கைப் பற்றிச் சொல்லும்போது முகம் மாறியது. அங்கே அவரிடம் இருந்தது பெருமை. தடையை அவர் கொண்டாடவில்லை. அந்தக் கையைக் கொண்டாடினார். நமக்கும் மதிக்கத் தக்கது அதுதான். வயது தன்னால் ஏறுவது, அதில் காரின் சாமர்த்தியம் ஒன்றுமில்லை. ஒவ்வோர் ஆண்டும் யாரோ ஒருவர் "இன்னும் ஓட்டலாம்" என்று முடிவெடுத்து அழுக்குக் கையோடு குனிந்திருக்கிறார்.

பக்கத்தில் தியோங் பாருவைப் பாருங்கள். 1936 முதல் கட்டிய அந்த வளைந்த வீடுகள், அன்றைய கார், கப்பல், விமானத்தின் வேகத்தைப் பார்த்து மயங்கிய பாணி. 2003இல் இருபது புளோக்குகளைப் பாதுகாக்கப்பட்டவையாக அறிவித்தார்கள். அதனால் அவற்றுக்கு ஓடு மாற்றவும் சுண்ணாம்பு பூசவும் ஆள் வேண்டியிருக்கிறது. வேலையும் அறிவும் தொடர்கின்றன. ஆயுளைக் கூட்டினால் பராமரிப்பவரும் உருவாகிறார். காருக்கோ, எட்டாம் ஆண்டிலேயே பட்டறையில் ஒரு பேச்சு கேட்கும்: "இன்னும் ரெண்டு வருசம்தானே, எதுக்கு அண்ணே செலவு?" கணக்குப்படி அது சரியான பேச்சு. பழக்கமாக மாறும்போதுதான் பயமாக இருக்கிறது. முடியும் தேதி தெரிந்துவிட்டால் கவனிப்பு முன்கூட்டியே நின்றுவிடுகிறது. கைப்பேசி, குளிர்பதனப் பெட்டி என்று எல்லாவற்றிலும் இதைப் பார்க்கிறோம்.

இடமில்லாத தீவில் எல்லாக் காரையும் நாற்பது வயது வரை வைத்திருக்க முடியாது. தேவையும் இல்லை. ஆனால் வறுமை கட்டாயப்படுத்தாமலும் செல்வம் வேடிக்கை பார்க்காமலும், ஒரு சாதாரண மனிதர் ஒரு சாதாரணப் பொருளைப் பழுது பார்த்து வைத்துக்கொள்ள எங்காவது இடம் வேண்டும். அந்த இடம் சாலையில் இல்லையென்றால் தையல் மெஷினிலோ மிதிவண்டியிலோ சமையலறைக் கிரைண்டரிலோ இருக்கட்டும். நம் பிள்ளைகள் ஒரு பொருளைத் திறந்து பார்க்கவாவது கற்றுக்கொள்வார்கள்.