கைக்கு உணர்த்தலும் கையைப் பற்றி இழுத்தலும்

தேக்காச் சந்தைக்கு அருகே, சிராங்கூன் சாலையும் பஃபலோ சாலையும் கூடும் முனையில், ஒரு மாலைப்பொழுதில் பார்வையற்ற அன்பர் ஒருவர் நின்றிருந்தார். ஒரு கையில் வெண்கோல், மறுகையில் கைபேசி. கைபேசியை மார்புக்கு நேரே ஏந்தி, இடமும் வலமுமாக மெல்லத் திருப்பிக்கொண்டிருந்தார். வழி தவறித் தவிக்கிறார் என்று நாமே முடிவு செய்துகொண்டோம். அருகிற் சென்று, ஒரு சொல்லும் கேளாமல் அவர் கையைப் பற்றினோம். “ஐயா, கையை விட்டுவிடுங்கள். இப்பொழுதுதான் திசை கிடைத்தது” என்றார் அவர். குரலிற் சினமில்லை. அதனாலேயே நம் நாணம் மிகுந்தது.

அவர் செய்துகொண்டிருந்தது யாது? செல்லவேண்டிய இடத்தைக் குறித்துவிட்டால், கைபேசி அத்திசையை நோக்கும்பொழுது கையில் ஓர் அதிர்வு தோன்றும். திசை விலகினால் அதிர்வு நின்றுவிடும். கருவியினுள்ளே பூமியின் காந்தத்தை உணரும் உறுப்பும், திருப்பத்தையும் சாய்வையும் அளக்கும் உறுப்புகளும் உள. அவற்றின் கணக்கைச் சிறியதோர் அதிர்வுப்பொறி கைக்குச் சொல்லுகிறது. வாயால் வழி சொல்லும் கருவி இருக்க அதிர்வு எதற்கு என்று கேட்போர், தீபாவளிச் சந்தை நாட்களில் கேம்பல் லேனில் சிறிது நேரம் நிற்பாராக! பார்வையற்றோருக்குச் செவியே காவல். வண்டியின் ஓசை, எதிரே வருவோர் காலடி, பச்சை விளக்கோடு எழும் ஒலி ஆகிய யாவற்றையும் அச்செவியே கேட்டாகவேண்டும். அதனை ஒரு கருவியின் பேச்சுக்கு ஒப்படைத்தல் தகுமோ? கைக்குச் சொன்னால் செவி விடுதலை பெறும்.

உயிர்களை அறிவின் அளவால் வகுத்த தொல்காப்பியம், புல்லையும் மரத்தையும் ஓரறிவுயிராக வைத்தது. அவ்வோரறிவு தொட்டறியும் அறிவே. ஏனைய அறிவுகள் அதன்மேல் ஒவ்வொன்றாக அடுக்கப்பட்டவை. அடித்தளமாகிய அவ்வறிவை நாமோ தாழ்த்தினோம். மனிதனை மனிதன் தொடுதலையே தீட்டென்று விதித்த சமூகத்தினின்று கப்பலேறி வந்தோரின் வழித்தோன்றல்களல்லமோ நாம்? தொடுகையின் பெருமையைப்பற்றி நாம் கற்கவேண்டியது இன்னும் உண்டு.

நிற்க. தொடுகையால் வழி காட்டுதல் இந்நகருக்குப் புதிதன்று. 2003-ல் திறக்கப்பெற்ற லிட்டில் இந்தியா ரயில் நிலையத்தின் தரையில் மேடிட்ட ஓடுகள் பதிக்கப்பட்டுள்ளன. நீண்ட கோடுகள் “இவ்வழியே செல்க” என்னும். புள்ளிகள் “நின்று கவனிக்க” என்னும். 1965-ல் ஜப்பானியராகிய மியாகே செயிச்சி வகுத்த இம்முறை, 1967-ல் ஓகாயாமா நகரில் முதன்முதல் நடைமுறைக்கு வந்தது. கோலின் நுனி அம்மேட்டைத் தடவுகிறது; கோல் கைக்குச் சொல்லுகிறது; கை காலுக்குச் சொல்லுகிறது. அவ்வோடுகள் எவரையும் பிடித்துத் தள்ளியதில்லை. அறிவிப்பதோடு அவற்றின் வேலை முடிந்தது.

அறிவிப்பதற்கும் இழுப்பதற்கும் உள்ள இவ்வேற்றுமை வெறும் மரியாதையைப் பற்றியது மட்டுமன்று; அறிவின் தன்மையையே பற்றியது. அமெரிக்க ஆராய்ச்சியாளர் பால் பாக்-இ-ரீட்டாவும் அவர்தம் துணைவரும் 1969-ல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். நாற்காலியின் சாய்வுப்புறத்தில் 400 அதிர்வு முனைகளைப் பொருத்தி, காமிரா காணும் உருவத்தை, அமர்ந்திருக்கும் பார்வையற்றவரின் முதுகில் அதிர்வாக எழுதினர். காமிராவைப் பிறர் அசைத்தபொழுது அவ்வதிர்வு முதுகிலே தோன்றிய உறுத்தலாகவே நின்றது. அவரே தம் கையால் காமிராவைத் திருப்பக் கற்றபொழுது, பொருள் முதுகை விட்டு அகன்று, எதிரே வெளியில் இருப்பதாக விளங்கிற்று. பிறர் திருப்பியது உணர்ச்சியாயிற்று. தாமே திருப்பியது அறிவாயிற்று. சிராங்கூன் சாலையில் நாம் பற்றி நிறுத்தியது ஒரு கையை மட்டுமன்று. ஓர் அறிவு பிறக்கும் வேளையையே.

இதற்கு ஒரு மறுப்பு எழலாம்: “கருவி அதிர்ந்தபடியெல்லாம் திரும்பும் கை, அக்கருவிக்கு அடிமையன்றோ?” கேள்வி நியாயமானது. அருகே பேரிரும்பு இருப்பின் கருவியின் காந்த உணர்வு பிழைபடும். தவறான திசையையும் அது உறுதியோடு சொல்லும். அன்றியும், வழி காட்டும் அதே அதிர்வுப்பொறிதான், வேண்டாத விளம்பரத்தைப் பார்க்கும்படி நாளெல்லாம் நம் சட்டைப்பையை உலுக்குகிறது. ஆகவே அதிர்வு தன்னளவில் நன்றுமன்று, தீதுமன்று. நாம் கேட்கவேண்டியவை இரண்டு. செல்லுமிடத்தைக் குறித்தவர் யார்? கருவி சொல்வதை மறுக்கும் உரிமை கைக்கு உண்டா? இடத்தைத் தாமே குறித்து, அதிர்வை உணர்ந்த பின்னும் கோலாலும் செவியாலும் ஆராய்ந்து அடியெடுத்து வைப்பவருக்கு அது துணை. பிறர் குறித்த இடத்துக்கு, ஏனென்று கேளாமல் திருப்பப்படுபவருக்கு அது மூக்கணாங்கயிறு.

இவ்விரு கேள்விகளையும் கருவியோடு நிறுத்திவிடலாகாது. மகளின் படிப்பையும் மணத்தையும் அவளைக் கேளாமல் முடிக்கும் பெற்றோர் அன்பினாலேயே செய்கின்றனர். மக்களுக்கு ஒன்றும் தெரியாதென்று தாமே முடிவு கட்டி அவர்களை இழுத்துச் செல்லும் தலைவரும் நன்மையையே பேசுகின்றனர். சீர்திருத்தம் எழுதும் நாமும் இக்குற்றத்துக்குப் புறம்பானவரல்லோம் என்பதற்கு அன்று நாம் செய்ததே சான்று. அன்பு இருந்தது; கேட்கும் பொறுமை இல்லை. கேளாத அன்பு, கையைப் பற்றும்பொழுதே அக்கைக்குரியவரின் அறிவை இல்லையென்று சொல்லிவிடுகிறது.

அவ்வன்பர் நமக்கு ஒரு முறையையும் கற்பித்தார். முதலில் “உதவி வேண்டுமா?” என்று கேட்கவேண்டும். வேண்டுமென்றால் நம் முழங்கையை நீட்டவேண்டும். அவர் அதைப் பற்றிக்கொண்டு அரையடி பின்னே நடப்பார். நம் உடலின் அசைவே அவருக்குப் படியையும் திருப்பத்தையும் சொல்லும். பற்றுவது அவர் கை. ஆதலால் விடுவதும் அவர் கையே.

அன்று நம் முழங்கை அவருக்குத் தேவைப்படவில்லை. கைபேசியை மீண்டும் ஏந்தினார், சற்றே வலப்புறம் திரும்பினார், நின்றார். பச்சை விளக்கின் ஒலி எழுந்தது. கோலைத் தட்டிக்கொண்டு சாலையைக் கடந்தார். நாம் இப்புறத்தே, கைகளைத் தொங்கவிட்டபடி நின்றிருந்தோம்.