முள்ளை மறைக்கும் மணிக்கூடு

பாரிசில் கைப்பையும் பட்டுச் சால்வையும் விற்கிற எர்மெஸ் நிறுவனம் மணிக்கூடும் செய்கிறது என்றால் எங்கள் ஆக்களில் பலர் நம்பமாட்டார்கள். நான் இருக்கிற சுவிஸின் பீல் நகரத்தில் அது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. 1978இல் இங்கேதான் அவர்களுடைய மணிக்கூட்டுக் கிளை தொடங்கியது. இப்போது பக்கத்து ஊரான ப்ரூக்கில் இருக்கிறது. ஒமேகாவும் ஸ்வாட்சும் ரோலெக்ஸின் தொழிற்சாலையும் உள்ள நகரம் இது. பஸ்ஸில் பக்கத்தில் இருக்கிற வயதானவரிடம் பேச்சுக் கொடுத்தால், கண்ணில் உருப்பெருக்கிக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மணிக்கூட்டு மேசையில் குனிந்திருந்த காலத்தைச் சொல்லத் தொடங்கிவிடுவார்.

நான் முதியோர் இல்லமொன்றில் பராமரிப்பு வேலை செய்கிறேன். எங்கள் பொதுக்கூடத்து மேசை நிறைய மணிக்கூட்டுச் சஞ்சிகைகள் கிடக்கும். இரவு வேலையில் அவற்றைப் புரட்டுவது என் பழக்கம். அப்படித்தான் 2025 ஏப்ரலில் ஜெனிவா மணிக்கூட்டுக் கண்காட்சியில் எர்மெஸ் வைத்த புதிய வரிசையைப் பற்றிப் படித்தேன். அதன் பெயர் 'லு தான் சுஸ்பாந்து', நிறுத்திவைத்த காலம்.

சங்கதி இதுதான். மணிக்கூட்டின் பக்கத்தில் ஒரு பொத்தான். அதை அமத்தினால் மணி முள்ளும் நிமிட முள்ளும் தாங்கள் நின்ற இடத்தை விட்டுப் பாய்ந்து, பன்னிரண்டுக்கு இந்தப் பக்கம் ஒன்றும் அந்தப் பக்கம் ஒன்றுமாக நின்றுவிடும். பெரிய மாதிரியில் திகதி காட்டும் முள் ஒளிந்தே போகும். இப்போது மணிக்கூட்டைப் பார்த்தால் நேரம் தெரியாது. எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் அப்படியே விடலாம். மறுபடி அமத்தினால் முட்கள் பாய்ந்து வந்து அந்தக் கணத்தின் சரியான நேரத்தைக் காட்டும். 2011இல் இது முதன்முதல் வந்தபோது அதற்கான பொறியை ஜெனிவாவில் அஜெனோர் பட்டறை வைத்திருக்கும் ஜான்-மார்க் வீடர்ரெக்ட் வடிவமைத்தார். அந்த ஆண்டு ஜெனிவாவில் ஆண்கள் மணிக்கூட்டுக்கான பரிசும் அதற்குத்தான் கிடைத்தது. 2025இல் 42 மில்லிமீட்டர் மாதிரி ஒன்றும் 39 மில்லிமீட்டர் மாதிரி ஒன்றுமாக அதைத் திரும்பக் கொண்டுவந்தார்கள்.

எனக்கு இந்த மணிக்கூடு பிடித்திருக்கிறது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு நான் சொல்லப்போவதைப் பொறாமை என்று யாரும் எண்ணக்கூடாது. மறைந்திருக்கும்போது முட்கள் நிற்கிற நிலையைக் கவனியுங்கள். ஒரு முள் பன்னிரண்டுக்குச் சற்று முன்னும் மற்றது சற்றுப் பின்னுமாக நிற்கிற அந்த நிலை, ஓடுகிற மணிக்கூட்டில் பகலிலும் வராது, இரவிலும் வராது. நேரத்தைச் சொல்லமாட்டேன் என்பதற்கு மணிக்கூட்டின் பாஷையிலேயே ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். கெட்டிக்காரத்தனம்தான்.

ஆனால் இரவில் தனியே இருந்து படிக்கிறவளுக்கு வேறு கேள்வியும் வரும். இந்த மணிக்கூட்டைக் கட்டியவருக்குக் கிடைப்பது என்ன? கொஞ்ச நேரம் நேரத்தை மறந்திருக்கிற சுதந்திரம். வேதத்தில் ஓய்வு என்று சொல்லியிருப்பதும் இதுவும் ஒன்றா?

யாழ்ப்பாணத்து இளவாலையில் மறைக்கல்வி வகுப்பில் பத்துக் கட்டளைகளையும் ஒப்புவிக்கப் படித்தோம். ஓய்வுநாளுக்கு வேதத்திலேயே இரண்டு காரணங்கள் சொல்லியிருக்கிறது என்று அன்று யாரும் சொல்லித்தரவில்லை. விடுதலைப் பயண நூலின் 20ஆம் அதிகாரத்தில் காரணம் படைப்பு: கடவுள் ஆறு நாளில் உலகத்தைப் படைத்து ஏழாம் நாள் ஓய்ந்தார், ஆகவே நீயும் ஓய்ந்திரு. இணைச் சட்ட நூலின் 5ஆம் அதிகாரத்தில் அதே கட்டளை வேறு காரணத்தோடு வருகிறது: எகிப்தில் நீ அடிமையாய் இருந்தாய், அதை நினைத்துக்கொள். உன்னைப்போலவே உன் வேலைக்காரனும் வேலைக்காரியும் ஓய்ந்திருக்க வேண்டும். மாடும் கழுதையும் பெயர் சொல்லிக் குறிக்கப்படுகின்றன, ஊரில் தங்கியிருக்கும் அந்நியனும்கூட. எர்மெஸ் நிறுவனம் 1837இல் குதிரைச் சேணப் பட்டறையாகத் தொடங்கியது. வண்டி இழுக்கிற சீவனின் ஓய்வைப் பற்றி அந்தக் காலத்துப் பட்டறைக்காரர் ஏதாவது யோசித்திருப்பாரா என்று அந்த இரவு வேடிக்கையாக நினைத்துக்கொண்டேன்.

முதற் காரணத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் எர்மெஸ் மணிக்கூடு பாதி சரி. வேலையை விட்டு, கணக்கை விட்டு, இருக்கிற கணத்தில் இருக்கச் சொல்கிறது. இரண்டாம் காரணத்தின்படி அது தேறாது. அங்கே நான் ஓய்ந்தேனா என்பதோடு கேள்வி முடிவதில்லை. நான் ஓய்ந்திருந்தபோது என் வேலைக்காரி என்ன செய்தாள் என்றும் கேட்கப்படுகிறது.

இந்தக் கண்காட்சி ஜெனிவாவில் நடப்பதும் ஒரு வேடிக்கை. 16ஆம் நூற்றாண்டில் மதச் சீர்திருத்தவாதி கல்வின் அந்த நகரத்தில் நகை அணிவதைக் கண்டித்துக் கட்டுப்பாடு கொண்டுவந்தார். சிலுவையும் பாத்திரமும் செய்து பிழைத்த பொற்கொல்லர்கள் கைத்திறமையை மணிக்கூட்டுப் பக்கம் திருப்பினார்கள். பிரான்சிலிருந்து ஓடிவந்த புரட்டஸ்தாந்து அகதிகளும் அந்தத் தொழிலைக் கொண்டுவந்து சேர்த்தார்கள். 1601இல் ஜெனிவா மணிக்கூட்டுக்காரர் சங்கம் உருவாகியது. ஆடம்பரத்தைத் தடுத்த ஊர்தான் ஆடம்பர மணிக்கூட்டுக்குத் தலைநகராகியது. அகதிகள் வளர்த்த தொழில் என்பதில் எனக்குக் கொஞ்சம் சந்தோஷம் உண்டு, அது வேறு கதை.

கல்வின் காலத்துக்கும் முந்தைய மதகுருமார் வட்டிக்காரனைக் கண்டித்தபோது சொன்ன காரணம் கூர்மையானது. அவன் விற்பது காலத்தை, காலமோ கடவுளுடையது. தன்னுடையதல்லாத ஒன்றை விற்கிறவன் கள்வன் என்றார்கள். பிரெஞ்சு வரலாற்றாசிரியர் ஜாக் லெ கோஃப் இதைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். மணிக்கூட்டுக்காரரை நான் அந்தக் கூண்டில் ஏற்றவில்லை. அவர்கள் விற்பது இரும்பும் பொன்னும் உழைப்பும். அதற்கு விலை வைக்கலாம். நேரத்திலிருந்து விடுதலையை விற்பதாகச் சொல்லும்போதுதான் எனக்கு இடறுகிறது.

எங்கள் இல்லத்தில் ஒரு மடாம் இருந்தார். இளமையில் பீல் தொழிற்சாலையில் மயிரைவிட மெல்லிய சுருள்வில்லை இடுக்கியால் நீவி மணிக்கூட்டின் ஓட்டத்தைச் சரிசெய்கிற வேலை. அந்த வேலை அந்தக் காலத்தில் பெரும்பாலும் பெண்களின் கையில்தான் இருந்தது. நான் அவரை அறிந்தபோது மறதி நோய் நன்றாக முற்றியிருந்தது. காலையில் நான் குந்தியிருந்து அவருக்கு அழுத்தக் காலுறையை ஏற்றிக்கொண்டிருப்பேன். அது இலேசில் ஏறாது. குதிக்காலில் மடிப்பு விழுந்தால் தோல் உரியும். அந்த நேரத்தில் அவர் போர்வை விளிம்பில் கிளம்பிநிற்கும் நூல் ஒன்றைப் பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் பிடித்து, மூச்சை அடக்கிக்கொண்டு, ஒரு சுற்றுச் சுற்றி விடுவார். திருப்தியில்லை என்றால் திரும்பவும் பிடிப்பார். நான் காலுறையை இழுக்கிற இழுவையில் கட்டில் அசைந்தால் கோபம் வரும். "மேசையை ஆட்டாதே" என்பார். தொழிற்சாலைச் சங்கு ஊதியாயிற்றா என்று கேட்பார்.

புனித அகுஸ்தினார் தம்முடைய அறிக்கை நூலின் 11ஆம் புத்தகத்தில் காலம் எங்கே இருக்கிறது என்று தேடி, மனத்தில் என்று முடிவு செய்தார். கடந்தது நினைவாக, நடப்பது கவனமாக, வருவது எதிர்பார்ப்பாக உள்ளேதான் இருக்கின்றன. ஒரு திருப்பாடலைச் சொல்லத் தொடங்குமுன் முழுவதும் எதிர்பார்ப்பில் இருக்கிறது. சொல்லச் சொல்ல வரி வரியாக நினைவுக்குள் இறங்குகிறது என்று உதாரணமும் காட்டினார். நல்ல உதாரணம். மடாமுக்கு நினைவு ஐம்பது அறுபது வருடத்துக்கு முந்தையது, எதிர்பார்ப்பு ஊதப்போகிற சங்கு, கவனம் கையிலுள்ள நூல். மூன்றும் இருந்தன. எங்களுடைய நேரத்தோடு மட்டும் ஒட்டவில்லை. எர்மெஸ் மணிக்கூட்டு முட்கள் நிற்கிற அந்த, எந்த நேரத்தையும் சேராத நிலையில்தான் அவர் இருந்தார். திரும்பிவர அவருக்குப் பொத்தான் இல்லை.

அவர் நிம்மதியாகத்தான் இருந்தார். அந்த நிம்மதி எப்படிச் சாத்தியமாயிற்று என்பதைத்தான் நான் சொல்ல வருகிறேன். எட்டு மணிக்கு அவருடைய மாத்திரையை வேறொருவர் நினைத்தார். தண்ணீர் குடித்தாரா என்று வேறொருவர் குறித்தார். படுக்கையில் ஒரே பக்கம் கிடந்து புண் வராமல் இரவில் குறித்த நேரத்துக்கு அவரைத் திருப்பிவிட்டது வேறொருவர். முட்கள் மறைந்திருக்கும்போதும் எர்மெஸ் மணிக்கூட்டின் உள்ளே நேரம் தப்பாமல் எண்ணப்பட்டுக்கொண்டே இருக்கிறது, அதனால்தான் அவற்றால் சரியான இடத்துக்குத் திரும்ப முடிகிறது. யாரோ ஒருவர் நேரத்தை மறந்திருந்தால், மறைவில் இன்னொருவர் எண்ணிக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம்.

எங்கள் எண்ணிக்கை எப்படியிருக்கும் என்பதையும் சொல்கிறேன். சுவிஸ் சுகாதாரக் காப்புறுதி விதியில் முதியோர் இல்லத்துப் பராமரிப்பு 12 படிகளாக வகுக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு படியும் 20 நிமிடம். நாளுக்கு 20 நிமிடம் வரை பராமரிப்புத் தேவைப்பட்டால் காப்புறுதி 9.60 பிராங் கொடுக்கும். 220 நிமிடத்துக்கு மேலே போனால் 115.20 பிராங். வீட்டுக்கே போய்ப் பார்க்கிறவர்களுக்கு ஐந்து ஐந்து நிமிடமாகக் கணக்கு. காலுறை, குளிப்பு, உணவு எல்லாம் நிமிடமாக மாறித்தான் கணினியில் ஏறும். ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டு இருப்பதைக் கணக்கில் ஏற்றுவது கஷ்டம். இதை மாற்றிவிடலாம் என்று நான் சொல்லவில்லை; காசு கொடுக்கிறவன் கணக்குக் கேட்பான்தான்.

நேரத்தை எண்ணுவதற்குத் துறவிகள் வேறொரு வழி கண்டிருந்தார்கள். ஆவணி மாதத்தில் நாங்கள் யாத்திரை போகிற மரியாஸ்டைன், ஆசீர்வாதப்பர் சபையின் மடம். அந்தச் சபையின் ஒழுங்கு நூலில் 43ஆம் அதிகாரம், மணி கேட்டவுடன் கையிலிருப்பதைப் போட்டுவிட்டு எல்லோரும் செபத்துக்குப் போகவேண்டும் என்கிறது. அங்கே நேரத்தை யாரும் மறைப்பதில்லை, உரத்தே அடித்துச் சொல்கிறார்கள். ஆனால் மணி எல்லோருக்கும் ஒன்று. சமையற்கட்டில் நிற்பவருக்கும் எழுதிக்கொண்டிருப்பவருக்கும் அதே கணத்தில் வேலை நிற்கும். எனக்குத் தெரிந்தமட்டில் ஓய்வு என்று சொல்லத் தகுந்தது இதுதான். ஒருவர் மட்டும் பொத்தானை அமத்திக்கொள்வதற்கு ஓய்வு என்று பெயரில்லை, வசதி என்று பெயர். வசதி பாவமில்லை. அதற்குப் பக்தியின் பெயரை வைக்காமல் விட்டால் போதும்.

மறைவில் எண்ணுகிறவர்களின் ஓய்வுக்கு வருகிறேன். இதை வாசிக்கிறவர்களில் சுவிஸ் குடியுரிமை எடுத்தவர்கள் பலர் இருப்பீர்கள். 2021 நவம்பர் 28இல் பராமரிப்புத் தொழிலை மேம்படுத்தக் கேட்ட மக்கள் முன்மொழிவுக்கு 61 வீதமானோர் ஆம் என்று வாக்களித்தார்கள். அதன் முதற்கட்டம் 2024 ஜூலை 1இல் நடைமுறைக்கு வந்தது. அது தாதியர் பயிற்சிக்கான பணத்தைப் பற்றியது. வேலை நேரத்தையும் ஓய்வையும் பற்றிய பகுதியை இரண்டாம் கட்டத்துக்கு விட்டார்கள். அது பற்றிக் கையெழுத்துக் கேட்டு யாராவது வந்தால், கூட்டம் என்று கூப்பிட்டால், வேலை இருக்கிறது என்று சொல்லாமல் போங்கள். எங்கள் ஆக்களில் எத்தனையோ பேர் அந்த இரவு வேலையில்தான் நிற்கிறார்கள்.